பாலம் தாண்டினால் இங்கிலீஷ்

போன வாரம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் என் செருப்பு வார் பிய்ந்துவிட்டது. பிய்வதற்கும் நேரம் காலம் வேண்டாமா? ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகிற அவசரம், பட்டுப்புடவை, கையில் பரிசுப் பொட்டலம். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு போய், மரத்தடியில் செருப்புத் தைக்கிறவரிடம் நீட்டினேன். அவர் டப்பாவைத் திறந்து, குச்சியால் சொல்யூஷனை எடுத்துத் தடவினார். செருப்பு ஒட்டுகிற பசைக்கு எங்கள் பக்கத்தில் சொல்யூஷன் என்றுதான் பெயர். வேறு பெயர் சொன்னால் கடைக்காரருக்கே புரியாது. அந்த நெடி மூக்கில் ஏறினால் சிலருக்குத் தலைவலி வரும். எனக்குக் கம்பெனி ஞாபகம் வரும். கல்யாணத்தை மறந்துவிட்டு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து ஸ்டூலில் ஒரு கல்லூரிப் பெண். ஷூ ஒட்ட வந்தவள் போலிருக்கிறது. வெறும் சாக்ஸ் காலோடு உட்கார்ந்து, கையிலிருந்த போனுக்கு இங்கிலீஷ் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போன் 'எக்ஸலன்ட்!' என்று கூவி, டிங்கென்று ஒரு மணியும் அடித்தது. அடுத்த வாக்கியத்தில் பிள்ளை திக்கினாள். அதற்கும் 'நைஸ் ட்ரை!' என்று ஒரு பாராட்டு. தப்பாகச் சொன்னாலும் முதுகில் தட்டிக்கொடுக்கிற வாத்தியாரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொடுத்துவைத்த பிள்ளைகள். நாங்கள் கற்றுக்கொண்ட இங்கிலீஷில் எக்ஸலன்ட் என்கிற சொல்லே கிடையாது. இருந்ததிலேயே பெரிய பாராட்டு 'பாஸ்'. அதற்குக் கீழே 'ரீவொர்க்', அதற்கும் கீழே 'ரிஜெக்ட்'. இந்த மூன்றுக்குள் எங்கள் உலகம் அடங்கிவிட்டது.

நான் வேலை பார்த்தது ஒரு ஷூ கம்பெனியில், செக்கிங் டேபிளில். ஷூவின் அடிப்பாகம் வருவதற்கு முன்னால், மேல்பாகத்தை மட்டும் தைத்து அனுப்புவார்கள். அதற்கு அப்பர் என்று பெயர். அந்த அப்பரைக் கையில் எடுத்து, புரட்டி, மடக்கி, வெளிச்சத்தில் காட்டி, எங்கே குறை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். ஒட்டிவிட்டு, குறையின் பெயரை இங்கிலீஷில் சொல்லவேண்டும். ஸ்க்ராட்ச், ஸ்டிச் மிஸ்ஸிங், கலர் வேரியேஷன், கால் நுழைகிற வாய் விளிம்பு ஏறி இறங்கியிருந்தால் டாப் லைன் அன்ஈவன். நாள் முழுக்க உட்கார்ந்து பிறத்தியார் குறையைச் சொல்வதற்குச் சம்பளம் கொடுத்த ஒரே இடம் அதுதான். எங்கள் தெருவில் அதைச் சும்மாவே செய்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு முன்னால் எனக்கு இங்கிலீஷே தெரியாது என்று சொல்ல முடியாது. குடியாத்தத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவள். ஆனால் அந்த இங்கிலீஷ் கையெழுத்தில் மட்டும்தான் இருந்தது. வாய்க்கு வந்ததே இல்லை. எங்கள் வீட்டில் அப்பா தறி வைத்திருந்தார். கஞ்சி போட்டுக் காயவைத்த நூல் எப்படி விறைத்துக்கொண்டு நிற்குமோ அப்படித்தான் என் இங்கிலீஷும் நிற்கும். மழைக்காலம் பற்றி ஒரு கட்டுரையும், தலைமையாசிரியருக்கு லீவு லெட்டரும் மனப்பாடம். பரீட்சையில் எதைக் கேட்டாலும் எப்படியாவது மழையில் கொண்டுபோய் முடித்துவிடுவேன். ஒரு தடவை பொருட்காட்சி பற்றி எழுதச் சொன்னார்கள். பொருட்காட்சியில் மழை பெய்தது. பாஸ்.

என் சிநேகிதி மல்லிகாவுக்கு அந்த விறைப்பும் கிடையாது. அவள் பத்தாவதோடு நின்றவள். எங்கள் பக்கத்துத் தெரு, நானும் அவளும் ஒரே நாளில் கம்பெனியில் சேர்ந்தோம், ஒரே டேபிள், கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. அண்ணன் சேகர்தான் வளர்த்தது. வீட்டுப் பின்பக்கம் பவர்லூம் போட்டு லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறிச் சத்தத்தில் பேசிப்பேசி அந்த வீட்டில் எல்லாருக்குமே குரல் ஜாஸ்தி. மல்லிகா காதில் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் பதில் வரும்.

அவளுக்குக் கம்பெனி வேலை பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் முகம் வாடிவிடும். எனக்கு அப்படியெல்லாம் கிடையாது. லீவு என்றால் விடிந்த பிறகும் தூங்குகிற ஜாதி நான். அவளோ, ஆள் ஆயிரம் பேசட்டும், டேபிளில் உட்கார்ந்து ஒரு அப்பரைக் கையில் எடுத்தால்தான் நிம்மதி என்பாள். ஆனால் அண்ணன் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார். வந்த இடமெல்லாம் ஒரே பேச்சு. கம்பெனியில் லைன் வேலை பார்க்கிற பெண்ணா, கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்திடணும். அதே கம்பெனியில் ஸ்டாஃப் என்றால் அந்தப் பேச்சு வராது. ஒரே கேட்டில் நுழைகிறோம், ஒரே நாற்றத்தைச் சுவாசிக்கிறோம், ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டுவிட்டால் அது ஆபீஸ் வேலை. எங்கள் ஊர் கணக்கு அப்படி.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் ஒரு ஸ்டாஃப் வேலை வந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கைப் பார்க்க வருகிற இன்ஸ்பெக்டர் கூடவே நின்று, அப்பரை எடுத்துக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு லைனில் சொல்ல ஒரு பெண் வேண்டும். செக்கிங் டேபிளில் இருந்தே எடுப்பார்கள். இங்கிலீஷ் வேண்டும். எனக்கும் ஆசைதான், வெள்ளைக் கோட்டை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் மல்லிகாவுக்கு அது ஆசை இல்லை, பிழைப்பு. அது கிடைத்தால் கல்யாணத்துக்கு அப்புறமும் வேலை. கிடைக்காவிட்டால் தாலியோடு வேலைக்கும் ஒரு முடிச்சு.

வேலைக்கு ஆள் எடுக்கிற பர்சனல் செக்‌ஷனில் பிரபாகர் சார் என்று ஒருவர் இருந்தார். வேலூர்க்காரர், எங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவர், மீசை அப்போதுதான் ஒழுங்காக வர ஆரம்பித்திருந்தது. அவர் தானாகவே முன்வந்து, சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் செக்‌ஷன் மூலையில் இங்கிலீஷ் கிராமர் வகுப்பு எடுத்தார். கரும்பலகை இல்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சுவரில் சாய்த்து, மார்க்கரால் எழுதுவார். முதலில் டென்ஸ். பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர். நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே, "ஐ ஆம் ஈட்டிங் லெமன் ரைஸ்" என்று கோரஸ் பாடுவோம். யாராவது புளிச்சோறு கொண்டுவந்திருந்தால் அதைச் சொல்லவைக்க சார் திணறுவார். புளிக்கு இங்கிலீஷ் அவருக்கு வந்தது, எங்களுக்கு வாயில் வரவில்லை. அதனால் யார் என்ன கொண்டுவந்தாலும் இங்கிலீஷில் அது லெமன் ரைஸ்.

பாஸ்ட் டென்ஸ் அன்றைக்கு மல்லிகா எழுந்து நின்றாள். முடிந்துபோனதைப் பேசி இன்னா சார் ஆகப்போவுது, அதான் முடிஞ்சிபோச்சே, என்று கேட்டாள். சார் யோசித்தார். நல்ல கேள்விதான், நாளைக்குச் சொல்றேன் என்றார். இன்றுவரை சொல்லவில்லை. அன்று அவர் வகுப்பு முடிந்து ஆபீசுக்குப் போகிறபோது அவர் சட்டை முதுகில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் தேவைப்படவில்லை. அது இன்னும் கொஞ்சம் மேலே இருந்திருந்தால் நான்தான் என்று சொல்லியிருப்பார்கள். மல்லிகாவுக்கு உயரம் கம்மி.

வகுப்பில் கற்றது வகுப்பிலேயே நின்றுவிடும். வாய் திறந்தது பஸ்ஸில்தான். குடியாத்தத்திலிருந்து வருகிற எங்கள் கம்பெனி பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் ஆம்பூர் பக்கம் போகும். ஆற்றில் தண்ணீர் இருந்ததோ இல்லையோ, மணல் இருந்தது, பாலம் இருந்தது. மல்லிகாதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாள். பாலம் தாண்டினால் கம்பெனி கேட் வரைக்கும் இங்கிலீஷ் மட்டும். யார் வாயிலிருந்து ஒரு தமிழ் வார்த்தை விழுகிறதோ, அவர்கள் டிபனில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருப்பது பறிபோகும். பொரியலோ வடையோ, பஸ்ஸிலேயே பங்குபோட்டுத் தின்றுவிடுவோம். மத்தியானம் வெறும் சோறுதான்.

முன் சீட்டில் ரபியா அக்கா உட்காருவார். எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், தையல் லைன். அவர் வீட்டுக் கைமா உருண்டைக்கு ஆசைப்பட்டு பஸ்ஸே காத்துக்கிடக்கும். எப்படியாவது அவரைத் தமிழில் பேசவைக்கவேண்டும். அக்கா, பேக் சைட் ஸ்னேக் என்போம். திரும்ப மாட்டார். அக்கா, யுவர் மதர் இன் லா கமிங் என்போம். "நோ ப்ராப்ளம்" என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் எஸ், நோ, நோ ப்ராப்ளம். அதை வைத்துக்கொண்டே ஒரு உருண்டையைக்கூட இழக்காமல் ரிடையர் ஆனார். கிராமர் தெரிந்த நான்தான் தினமும் வெறும் சோறு தின்றவள்.

அந்தச் சட்டத்தால் ஒரு நல்லதும் நடந்தது. இங்கிலீஷில் சண்டைபோட எங்களுக்குத் தெரியாது. ஆகையால் எந்தச் சண்டையானாலும் பாலத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளவேண்டும். பாதியில் பாலம் வந்துவிட்டால் அவ்வளவுதான், அடக்கிக்கொண்டு முறைக்கலாம். சாயங்காலம் திரும்பும்போது காலையில் எதற்குச் சண்டை என்பதே மறந்துபோயிருக்கும். எத்தனையோ குடும்பங்களுக்கு நடுவில் ஒரு பாலம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குப் பிற்பாடு தோன்றியிருக்கிறது.

வார்த்தைக்குப் பஞ்சம் வரும்போதெல்லாம் கம்பெனி வார்த்தைதான் கைகொடுக்கும். வானம் கறுத்திருந்தால் கலர் வேரியேஷன். யாராவது தலையை ஒழுங்காக வாரவில்லை என்றால் ஃபினிஷிங் பூவர். டிரைவர் பிரேக் போட்டால் ஸ்டிச் ஓப்பன். காய்ச்சலில் லீவு போட்டு வந்தவளை "யூ ரீவொர்க் ஃபினிஷ்?" என்று விசாரிப்போம். அவளும் "ஃபினிஷ், பாஸ்" என்பாள். இங்கிலீஷ்காரர் யாராவது அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் பயந்து பாலத்திலேயே இறங்கியிருப்பார். எங்களுக்கோ எல்லாம் புரிந்தது.

இப்படி இருக்கையில்தான் நாட்றம்பள்ளியிலிருந்து மல்லிகாவைப் பெண்பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை முருகேசனுக்கு அங்கே பம்ப் மோட்டார் ரிப்பேர் கடை. கூட வந்த பெரியப்பா ஜோலார்பேட்டை ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். இங்கிலீஷ் மேல் பெரிய பிரியம். காபி டம்ளரை வைத்ததற்கே 'தேங்க் யூ வெரி மச்' என்றார். நான் சிநேகிதி என்ற முறையில் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். கம்பெனியில் இங்கிலீஷ் வகுப்பெல்லாம் நடக்கிறது என்று சேகர் அண்ணன் பெருமையாகச் சொல்லித்தொலைத்தார். பெரியப்பா உடனே நிமிர்ந்தார்.

"எங்க, எங்க பையனப் பத்தி இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லும்மா, கேப்போம்."

மல்லிகா நிமிர்ந்தாள். வெட்கப்படுவாள் என்று பார்த்தால் இல்லை, டேபிளில் உட்காருகிறபோது ஒரு முகம் வருமே, அந்த முகம் வந்துவிட்டது. மாப்பிள்ளையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். லெஃப்ட் ரைட் ஓகே. சைஸ் ஓகே. கலர் லிட்டில் டார்க், பட் அக்செப்ட். நோ ஸ்க்ராட்ச். டாப் லைன் அன்ஈவன். ரீவொர்க்.

தறி நின்ற மாதிரி வீடு அமைதியாகிவிட்டது. பெரியப்பாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரியும், மொத்தத்தில்தான் ஒன்றும் புரியவில்லை. சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முருகேசன் மட்டும் மெதுவாக, "டாப் லைன்னா எதுங்க?" என்று கேட்டார். மல்லிகா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு, காலர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, நாட்றம்பள்ளியிலிருந்து அப்படியே வந்திருக்கிறார். கூட வந்த ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி எல்லாப் பொத்தானையும் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். திரும்பி, "இப்போ பாஸா?" என்றார். மல்லிகாவுக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவந்து என் தோளில் இடித்து நின்றாள்.

கல்யாணம் முடிவானது. தை மாதம் என்று பேசினார்கள். ஆனால் கிளம்புகிற நேரத்தில் பெரியப்பா அந்தப் பேச்சை எடுத்தார். லைன் வேலை இனிமேல் வேணாம், கவுரவமா ஸ்டாஃப்னா யோசிக்கலாம், என்று. முருகேசன் எதுவும் சொல்லவில்லை. அந்தக் காலத்து மாப்பிள்ளைகளுக்கு அதிகபட்சத் துணிச்சல் அதுதான், எதுவும் சொல்லாமல் இருப்பது. அன்றிலிருந்து மல்லிகா பாலம் வருவதற்கு முன்னாலேயே இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாள் வந்தது. இத்தாலியிலிருந்து ஒரு அம்மாள். டேபிளிலிருந்து எங்கள் இரண்டு பேரைத்தான் பொறுக்கியிருந்தார்கள். காலையில் பாதிநாள் நான் கூட நிற்கவேண்டும், மத்தியானம் மல்லிகா. அந்த அம்மாள் யாரைச் சொல்கிறாரோ அவளுக்கு வேலை. பிரபாகர் சார் எனக்கு ஒரு வரவேற்பு வாக்கியம் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் தொழிற்சாலையின் சார்பாகத் தங்களுக்கு என் மனமார்ந்த அன்பான வரவேற்பு என்று பொருள் வரும், மூச்சு முட்டுகிற நீளம். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். பொருட்காட்சியில் மழை பெய்யவைத்த எனக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? அந்த அம்மாள் அழகாகச் சிரித்தார். பிறகு, "யெஸ். காபி. நோ சுகர்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அவருக்கும் இங்கிலீஷ் வராது. வெள்ளைக்காரர்கள் என்றால் பிறக்கும்போதே இங்கிலீஷோடு பிறப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஊரில் வேறு பாஷை. இவரும் எங்களைப் போல ஏதோ ஒரு கம்பெனியில், ஏதோ ஒரு டேபிளில், குறையின் பெயர்களாகப் பொறுக்கிச் சேர்த்த இங்கிலீஷைத்தான் வைத்திருந்தார். நான் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டில் கேட்ட கேள்விக்கெல்லாம் கையை விரித்தார். நான் கிராமரை விட்டு இறங்கி வரவேண்டும், இறங்க வழி தெரியவில்லை. மத்தியானம் ஆவதற்குள் எனக்கு வியர்த்துக்கொட்டிவிட்டது.

மத்தியானம் மல்லிகா வந்தாள். வரவேற்பெல்லாம் கிடையாது. அப்பரை எடுத்து நீட்டினாள். 'ஸ்க்ராட்ச்' என்றார் அந்த அம்மாள். 'ஸ்மால். ரீவொர்க்' என்றாள் இவள். 'ஓகே.' 'திஸ் ஒன் பாஸ்.' 'பாஸ்.' தறியில் நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மாதிரி வார்த்தை ஓடியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஸ்டூலைப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் அடுத்த டேபிளில் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைப் பார்த்து அந்த அம்மாள், 'மேரேஜ்?' என்று கேட்டார். மல்லிகா, 'சாம்பிள் அப்ரூவ்ட். டெலிவரி ஜனவரி' என்றாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் கட்டிங் செக்‌ஷன்வரை திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு அப்புறம் வேலை உண்டா என்று சைகையும் வார்த்தையுமாகக் கேட்டார். மல்லிகா கையிலிருந்த அப்பரைக் கீழே வைத்தாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள், அன்றைக்கு மெதுவாகச் சொன்னாள்.

"யூ பாஸ் மீ, ஐ ஒர்க். யூ ரிஜெக்ட் மீ, ஐ ஹவுஸ்."

அந்த நிமிஷம் அந்த வேலை அவளுக்கே போகட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன். என் வெள்ளைக் கோட்டு ஆசையையும் சேர்த்துத்தான் வேண்டினேன், அது ஒரு பக்கம் கிடந்து அழுதது, இருந்தாலும் வேண்டினேன். அந்த அம்மாள் மல்லிகாவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு மேனேஜர் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. "ஐ வாண்ட் ஷீ" என்றார். ஷீ எப்போது, ஹெர் எப்போது என்று ஒரு வாரம் மல்லுக்கட்டிச் சொல்லிக்கொடுத்த பிரபாகர் சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை மனுஷன். ஓடிவந்து முதல் ஆளாக மல்லிகாவுக்குச் சொன்னது அவர்தான்.

தை பிறந்தது, கல்யாணம் ஆனது, வெள்ளைக் கோட்டு வந்தது. மல்லிகா நாட்றம்பள்ளிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஹைவே வழியாக ஸ்டாஃப் வேன். கேன்டீனில் ஸ்டாஃபுக்குத் தனி மேஜை, மேலே மின்விசிறியோடு. இதெல்லாம் நாங்கள் யோசிக்கவே இல்லை பாருங்கள். வேலை கிடைத்தால் போதும், கிடைத்தால் போதும் என்று இரண்டு பேரும் குட்டிக்கரணம் போட்டோமே தவிர, கிடைத்தால் பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டு காலியாகும் என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை. அவள் இல்லாத முதல் நாள் பஸ் பாலத்தைத் தாண்டியது. யாரும் ஆரம்பிக்கவில்லை. ரபியா அக்காதான் திரும்பி என்னைப் பார்த்து, "நோ ப்ராப்ளம்" என்றார். ரொம்ப ப்ராப்ளமாகத்தான் இருந்தது.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே அவளைப் பிடித்தேன். வேனில் எல்லாரும் படித்தவர்கள், அங்கே இங்கிலீஷ் மழையாகக் கொட்டுமே, எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடேன் என்று கேட்டேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "பேஜாரா கீதுடி. வேன்ல எல்லாரும் தமிழ்லதான் பேசறாங்க."

அதற்கப்புறம் எத்தனையோ ஆகிவிட்டது. நானும் லைன் சூப்பர்வைசராகி, கண்ணாடி போட்டு, ஓய்வும் பெற்றுவிட்டேன். எங்கள் கம்பெனி ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம். அன்றைக்கு நான் வரவேற்புக்குப் போய்க்கொண்டிருந்ததே அந்த மண்டபத்துக்குத்தான். ரபியா அக்கா இல்லை. பிரபாகர் சார் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியவில்லை. சரக்கைப் பார்க்க இப்போதெல்லாம் இத்தாலியிலிருந்து யாரும் அவ்வளவாக வருவதில்லையாம். போனில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்களாம், அங்கிருந்தபடியே சொல்லிவிடுகிறார்களாம். காபி யாருக்கும் போடவேண்டியதில்லை.

மல்லிகா வேலையில் கடைசிவரை இருந்தாள். முழுசாக இருந்து, மாலை மரியாதையோடு வெளியே வந்தாள். இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள. முருகேசன் மோட்டார் கடையை விட்டு நகரமாட்டேன் என்று நாட்றம்பள்ளியிலேயே இருக்கிறார், ஞாயிறு வந்து போகிறார். சித்திரையில் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பெரிய அடுக்குமாடி. மகள் ஆபீசுக்குப் போயிருந்தாள். பேரனுக்கு ஏழு வயது இருக்கும், சுட்டி, இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அழைப்புமணி அடித்தது. எதிர்வீட்டு அம்மாள். நல்ல மனுஷிதான், சிரித்துக்கொண்டே மல்லிகாவிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மகள் எப்போது வருவாள் என்று கேட்டிருப்பார் போல. மல்லிகா வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து பையன் ஓடிவந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, கடகடவென்று பதில் சொல்லி அந்த அம்மாளை அனுப்பிவிட்டான். கதவைச் சாத்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பிரியமாகத்தான் சொன்னான்.

"அம்மம்மா, நீ இங்கிலீஷ் பேசாத. எல்லாரும் சிரிப்பாங்க."

சரிப்பா என்றாள் மல்லிகா. அவன் உள்ளே போய்விட்டான். எனக்கு வந்ததே கோபம். குழந்தையிடம் என்ன கோபம், அவள்மேல்தான். இன்னாடி இது, நீயா பேசக்கூடாது, இத்தாலிக்காரி மேனேஜர் ரூமுக்குப் போய் உன்னைத்தானே கேட்டா, இவனைப் பெத்தவ படிச்சதே அந்தச் சம்பளத்துலதானே, என்று பொரிந்து தள்ளினேன். அவள் சிரித்துக்கொண்டே காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அது இங்கிலீஷ் இல்லடி, நாம பேசிக்கிட்டது, இவங்களுக்கு எங்க புரியப்போவுது, என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம், அவளிடம் இங்கிலீஷில் கேட்டேன். யூ ஹேப்பி, மல்லி?

அவள் துணியை மடிப்பதை நிறுத்தினாள். உள்அறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பெரிய குரலை எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத் தாழ்த்தி, தமிழில், "நல்லாத்தான் இருக்கேன்டி" என்றாள்.